மஞ்சள் பொட்டு வைத்த நட்டு

ஒரு தடவை கை வைத்த இடத்தில் அவர் மறுபடியும் கை வைக்க மாட்டார். அவரைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். சொல்லும்போதே பல்லைக் கடிக்கத் தோன்றும்.

மந்தைவெளியில் கால்வாயை ஒட்டித் திரும்பும் ஒரு சந்தின் கடைசியில் அவருடைய மெக்கானிக் ஷெட் இருந்தது. பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள். சிமெண்டுத் தூசி பறந்து வந்து அங்கே நிற்கும் வண்டிகளின் மேல் எல்லாம் படிந்திருக்கும். அந்தப் பக்கத்து டாக்ஸி டிரைவர்கள் நாங்கள் எல்லோரும் அவரை மேஸ்திரி என்போம். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். காக்கி அரை டிராயருக்கு மேலே முழுக்கைச் சட்டை போட்டு, அதன் பொத்தானைக் கழுத்து வரைக்கும் பூட்டியிருப்பார். அக்கினி நட்சத்திரத்திலும் அந்த மேல் பொத்தான் கழன்று நான் பார்த்ததில்லை.

ஒரு நட்டை முடுக்கி முடித்ததும் அவர் ஒரு காரியம் செய்வார். பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் மஞ்சள் பெயிண்ட் இருக்கும். தீக்குச்சி முனையை அதில் தொட்டு, நட்டும் அடியில் இருக்கும் தகடும் சேருகிற இடத்தில் குறுக்கே ஒரு சின்னக் கோடு இழுப்பார். நாங்கள் அதைப் பொட்டு என்போம். பொட்டு வைத்தாகிவிட்டால் அந்த இடத்தோடு அவருக்கு இருந்த உறவு முடிந்தது. அதைப் பற்றி யாரும் அவரிடம் பேசக்கூடாது.

"மூடிட்டா மூடினதுதான் நைனா. நான் ஒரு தபாதான் கை வெப்பேன்" என்பார். பெருமையாகத்தான் சொல்வார். நாங்களும் அதைப் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். ஸ்டாண்டில் புதிதாக வருகிற டிரைவர்களிடம், அவரிடம் விட்டால் ரெண்டாவது தடவை போகவே வேண்டாம் என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

டீ விஷயத்தில்கூட அப்படித்தான். சந்து முனைக் கடையிலிருந்து கண்ணாடி டம்ளரில் டீ வரும். பாதி குடித்துவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று கீழே வைத்தார் என்றால் அவ்வளவுதான். சூடு இருந்தாலும் திரும்ப எடுக்க மாட்டார். மீதி டீயில் ஈ விழுந்து மிதக்கும். ஒருமுறை நான், மேஸ்திரி டீ அப்படியே இருக்குதே என்றேன். வெச்சாச்சுல்ல என்றார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது.

எங்கள் ஸ்டாண்டில் ஒரு டிரைவர், வெளியூர் போகிற வழியில் எதற்கும் இருக்கட்டும் என்று தன் ஸ்பேனரால் பொட்டு வைத்த ஒரு நட்டை இறுக்கிவிட்டார். அடுத்த மாதம் வேறு வேலைக்காக வண்டியை ஷெட்டில் விட்டபோது, மேஸ்திரி அடியில் படுத்தவர் படுத்தபடியே கேட்டார்.

"இங்க இன்னாத்துக்கு கை வெச்ச?"

பெயிண்டில் ஒரு கீறல் இருந்திருக்கிறது. அவர் எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். அந்த டிரைவர் கெஞ்சினார். நாங்கள் நாலு பேர் போய்ப் பேசினோம். அவர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அந்த வண்டி அதற்குப் பிறகு அந்த ஷெட்டுக்குள் நுழையவே இல்லை.

வேலை தெரியாத ஆள் இல்லை அவர். அதுதான் வயிற்றெரிச்சல். என் பழைய அம்பாசிடருக்கு அவர் கிளச் மாட்டினார். நான் அந்த வண்டியை விற்கிறவரைக்கும் கிளச் என்ற வார்த்தையே என் வாயில் வரவில்லை. என்ஜினைப் பிரித்துப் பரப்பி வைத்தால், எந்தத் துண்டு எங்கே என்று துணியை விலக்காமலே எடுப்பார். அந்தக் கையை நான் மதித்தேன். அதனால்தான் அந்தப் புத்தியையும் சேர்த்து மதித்துத் தொலைத்தேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் எட்டாவதோடு நின்றவன். கவலைப்படுவதில் மட்டும் பெரிய படிப்பு. வண்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போய், திரும்ப வந்து, பூட்டினேனா என்று பார்ப்பேன். ஹேண்ட் பிரேக்கை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். ஸ்டாண்டில் என்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. காலையில் அபிராமபுரத்தில் நாலு வீடுகளிலிருந்து நாலு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, கிரீன்வேஸ் ரோடு வழியாக அடையாறு பாலம் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் விடுவேன். சாயந்திரம் திரும்ப அழைத்து வருவேன். நாலும் பெண் குழந்தைகள், அஞ்சாவது ஆறாவது படிப்பவர்கள். எனக்கு நிரந்தரமான வேலை என்றால் அது ஒன்றுதான். பயப்படுகிற ஆள் மெதுவாகத்தான் ஓட்டுவான் என்றே அந்த வீடுகளில் என்னை வைத்துக்கொண்டார்கள்.

ஒரு வருஷம் என் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துபோய்விட்டது. குழந்தைகளும் பைகளும் ஏறினால் மட்கார்டு டயரைத் தொடும். பட்டை போயிடுச்சு என்றார் மேஸ்திரி. பின் ஆக்சிலைத் தாங்குகிற இரும்புப் பட்டைகள் இரண்டு பக்கமும் தளர்ந்துவிட்டன, மொத்தமாக மாற்ற வேண்டும் என்று அர்த்தம். மாற்றினோம். புதுப் பட்டைகளை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டுகிற பெரிய யு போல்டுகளையும் புதிதாகவே போட்டார். எட்டு நட்டு. எட்டிலும் மஞ்சள் பொட்டு. வண்டி மணப்பெண்ணைப் போல நிமிர்ந்து நின்றது.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஒரு காலையில் கிளச்சை விட்டு வண்டி நகர்ந்ததும் பின்னால் டொக் என்றது.

நான் உடனே நிறுத்திவிட்டேன். இறங்கிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஏறினேன். பிரேக் போட்டால் ஒரு டொக். கிளம்பினால் ஒரு டொக். ஓடும்போது சத்தமில்லை. மேட்டில் ஏறி இறங்கும்போது சில சமயம் உண்டு, சில சமயம் இல்லை.

அன்று மத்தியானமே ஷெட்டுக்குப் போனேன். மேஸ்திரி டிக்கியின் மேல் இரண்டு கையையும் வைத்து நாலு தடவை அமுக்கினார். வண்டி ஆடியது. சத்தம் வரவில்லை.

"எங்கப்பா சத்தம்?"

ஓடும்போதுதான் மேஸ்திரி வருது, கிளம்பும்போதும் நிக்கும்போதும், ஏறி உக்காந்து ஒரு ரவுண்டு வாங்க என்றேன். அவர் வரவில்லை. ஷாக் அப்சார்பர் ரப்பர் போயிருக்கும் என்றார். மாற்றினேன். மறுநாள் டொக். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் என்றார். அதையும் மாற்றினேன். டொக். டிக்கியில் ஸ்டெப்னி ஆடுகிறது என்றார். ஸ்டெப்னியை, ஜாக்கியை, டூல்ஸ் பையை எல்லாம் இறக்கி வீட்டில் வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க ஓட்டினேன். டொக், டொக். பின் கதவின் பூட்டு என்றார். நம்பர் பிளேட் என்றார். அவர் மாட்டாத ஒவ்வொரு சாமானையும் சந்தேகப்பட்டார். அவர் மாட்டிய எட்டு நட்டுகளின் பக்கம் மட்டும் அவர் கண் போகவே இல்லை.

நான் எனக்குத் தெரிந்த வழியில் கண்டுபிடிக்கப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியைப் பின் சீட்டில் உட்காரவைத்து, சாந்தோம் பக்கம் ஆள் இல்லாத ஒரு தெருவில் போய்ப் போய் நிறுத்தினேன். அவள் சீட்டில் காதை வைத்துப் படுத்துக்கொண்டாள். தெருவில் போன ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டுவிட்டுப் போனார்.

"வலது பக்கம்தான். என் இடுப்புக்குக் கீழே எவனோ சுத்தியல வெச்சுகினு ஒக்காந்திருக்கான்" என்றாள் அவள்.

அதைப் போய் மேஸ்திரியிடம் சொன்னேன். வலது பக்கம், பட்டைக்கு நேர் மேலே. யு போல்ட்டை ஒரு தடவை பார்த்தால் நல்லது என்று, எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை மெல்ல வெளியே விட்டேன். ஷெட்டில் இன்னும் இரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் அவர் பேசினார்.

"கேட்டீங்களாபா, இவன் சம்சாரம் மெக்கானிக் ஆயிட்சாம். புது பட்ட, புது போல்ட்டு, பொட்டு வெச்சி அனுப்சிகிறேன். வண்டில சத்தம் இல்ல நைனா, உன் மண்டைலதான் சத்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஸ்டாண்டுக்குப் போவதற்குள் அந்த வார்த்தை எனக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. இன்னாபா, மண்டையில சத்தம் நின்னுச்சா என்று அதற்குப் பிறகு தினமும் எவனாவது கேட்பான்.

வேறு மெக்கானிக்கிடம் ஏன் காட்டவில்லை என்று கேட்பீர்கள். என் மனைவியும் தினமும் அதைத்தான் கேட்டாள். வேறு ஒருவன் ஸ்பேனர் வைத்தால் பொட்டு கலையும். பொட்டு கலைந்தால் நான் அந்த ஷெட்டுக்குள் மறுபடி போக முடியாது. அந்த டிரைவரை வெளியே தள்ளியதை நான் கண்ணால் பார்த்தவன். ஒரு நல்ல மெக்கானிக்கை இழந்துவிட்டால் வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று பயந்தேன். எத்தனை பயங்கள் வைத்திருந்தேன். பயப்பட வேண்டிய ஒன்றுக்கு மட்டும் போதுமான அளவு பயப்படவில்லை.

வீட்டில் போய்த் தனியாகக் கேட்டால் இறங்கி வருவார் என்று நினைத்து, ஒரு விடுமுறை நாளில் அவர் வீட்டுக்கே போனேன். ஷெட்டுக்குப் பின் தெருவில் ஒரே ஒரு அறையும் சமையல்கட்டும். கதவைத் தட்டினேன். அவர் மனைவி திறந்தார். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. உள்ளே கட்டிலில் இடித்து நின்றது. நான் பக்கவாட்டில் நுழைய வேண்டியிருந்தது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்.

"வெளிய தொறக்கற மாதிரி வெக்கணும்னு அப்பவே சொன்னேன். இவரு உள்ள தொறக்கற மாதிரி வெச்சிட்டாரு. மாட்டினது மாட்டினதுதானாம். இருவது வர்சமா நான் நண்டு மாதிரி போய்கினு வந்துகினு கீறேன்."

கட்டிலை நகர்த்தலாமே என்றேன். கட்டிலும் அவர் போட்டதுதான் என்றார். சுவரில் இருபது வயதுப் பையன் ஒருவனின் படம் இருந்தது. மாலை இல்லை, அதனால் உயிரோடு இருக்கிற பையன் என்று தெரிந்தது. மகனா என்று கேட்டேன். ஏதோ ஒரு சண்டையில் அவர் போடா என்று சொல்லிவிட்டார், அவன் போய்விட்டான், திருப்பூரில் இருக்கிறான் என்றார் அந்த அம்மா. ஒரு கடிதாசு போட்டு வா என்று சொன்னால் அடுத்த ரயிலில் வந்துவிடுவான். இவர் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்த அம்மா சொன்னார்: "வாய்ல வந்துட்ச்சி. வந்தத எடுக்க மாட்டாரு."

மேஸ்திரி உள்ளேயிருந்து வந்தார். வீட்டிலும் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டியிருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு, ஒரே ஒரு தடவை படுத்துப் பார்க்கும்படி கேட்டேன். நான் ஓட்டுவது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி என்று சொன்னேன். அந்த அம்மாவும் பாரேன் என்றார். அவர் என்னையும் பார்க்கவில்லை, அந்த அம்மாவையும் பார்க்கவில்லை. நான் பார்த்துட்டேன், மூடிட்டேன் என்றார். நான் மறுபடியும் பக்கவாட்டில் வெளியே வந்தேன்.

இப்படி அஞ்சு வாரம்.

அடையாறு பாலத்தை விட்டு இறங்குகிற சரிவில், முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. நான் பிரேக் போட்டேன். டொக் என்று வரவில்லை. ஏதோ முறிகிற சத்தம் வந்தது. வண்டியின் பின்பக்கம் என்னை விட்டுத் தனியாக இடது பக்கம் போயிற்று. நான் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்ப, வண்டி இன்னொரு பக்கம் போய், நடைபாதைக் கல்லில் ஏறி, ஒரு விளக்குக் கம்பத்தில் மோதி நின்றது. பின்னால் குழந்தைகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. மூன்று பேருக்குச் சிராய்ப்பு. நாலாவது பெண், ஆறாவது படிப்பவள், முன் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் கை மாட்டிக்கொண்டு விழுந்தாள். முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. அவள் அழவில்லை. வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு அவளுடைய அப்பா வந்தார். காலேஜில் கணக்கு வாத்தியார், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. என்ன ஆச்சு என்றுதான் கேட்டார். திடீர்னு ஆயிடுச்சு சார், ஏதோ ஒடஞ்சு போச்சு என்றேன். அவர் என் தோளைத் தொட்டார். நீங்க என்ன பண்ணுவேள், மிஷின்தானே என்றார். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது.

வண்டியைத் தூக்கிப் பார்க்க, பாலத்துக்குப் பக்கத்தில் ஷெட் வைத்திருந்த ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். சின்ன வயசுக்காரர். அடியில் படுத்துக்கொண்டு என்னையும் படுக்கச் சொன்னார். டார்ச் அடித்துக் காட்டினார். வலது பக்கத்து நட்டுகள் நான்கும் விரலாலேயே சுழன்றன. பட்டைகளை நடுவில் கோத்திருந்த போல்ட் அறுந்து, ஆக்சில் தன் இடத்தை விட்டு நகர்ந்திருந்தது. நட்டின் மேல் பாதி மஞ்சள் கோடு, தகட்டின் மேல் பாதி மஞ்சள் கோடு. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

"பெயிண்டே சொல்லுதே அண்ணே, நட்டு தளர்ந்திருக்குன்னு. எட்டிப் பார்த்தாலே தெரிஞ்சிருக்கும். புது பட்டை போட்டா நாலு நாள் ஓடினதும் அமுங்கும். அப்ப மறுபடியும் ஒருவாட்டி டைட் பண்ணணும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். உங்க மெக்கானிக் சொல்லலியா?"

தரையில் படுத்தபடியே அந்த நட்டை விரலால் சுழற்றிக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் மேஸ்திரிக்குத் தெரியாமல் இருந்திருக்காது. எத்தனை வண்டிகளுக்குப் பட்டை மாற்றியவர். தெரிந்தேதான் அவர் டிக்கியை அமுக்கினார், ஸ்டெப்னியைச் சொன்னார், நம்பர் பிளேட்டைச் சொன்னார். இரண்டாவது தடவை கை வைத்தே ஆக வேண்டிய வேலையையும் ஒரே தடவையில் மூடிவிட்டு, அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றிக்கொள்ள என்னை அஞ்சு வாரம் பைத்தியக்காரனாக்கி வைத்திருந்தார்.

ஒரு நட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்தபடியே நடந்தேன். என் வாழ்க்கையில் நான் யாரையும் நிற்கவைத்துக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். ஷெட்டில் அவர் மட்டும் இருந்தார். நட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பாதிப் பொட்டைக் கட்டைவிரலால் தடவினார்.

"யார் கழட்னது இத்த?"

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"அது தானே கழண்டுச்சு. ஒரு கொழந்த கை ஒடஞ்சு கெடக்குது" என்றேன்.

அவர் முகத்தில் என்னவோ நகர்ந்தது. ஒரு கணம் கேட்டுவிடுவார் என்றே நினைத்தேன், எந்தக் குழந்தை, எந்தக் கை என்று. கேட்கவில்லை. நட்டை வேஸ்டுத் துணியில் துடைத்து, எண்ணெய் போகத் துடைத்து, பலகை மேல் வைத்தார். வைத்துவிட்டார். இனி எடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. நான் டைட் பண்ணது டைட்தான் என்றார்.

வழியில் சொல்லிப் பார்த்த எதுவும் என் வாயில் வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட திடீர்னு ஆச்சுன்னு சொன்னேன். உங்க பேர எடுக்கல. உங்களுக்காகப் பொய் சொன்னேன், மேஸ்திரி."

அவர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"எனக்கோசரமா? உனக்கோசரம் சொன்ன. அஞ்சு வாரம் சத்தத்த கேட்டுகினே புள்ளைங்கள ஏத்திகினு போனவன் நீ."

"அப்ப சத்தம் இருந்துச்சுன்னு ஒத்துக்கறீங்க."

நான் நின்றேன். பத்து நிமிஷம் இருக்கும். அவர் அடுத்த வண்டியின் பானெட்டைத் தூக்கிக் குனிந்துகொண்டார். சொன்னதை அவர் மறுக்கவும் இல்லை, இன்னொரு தடவை சொல்லவும் இல்லை. அஞ்சு வாரமாக என் மண்டையில் மட்டும் இருந்த சத்தம் அந்த ஒரு வாக்கியத்தில் வண்டிக்குப் போய்விட்டது. அந்த ஒப்புதலை நான் கெஞ்சிக் கேட்டபோதெல்லாம் தராமல், என்னை அடிப்பதற்கு ஒரு கல் வேண்டியிருந்தபோது எடுத்து வீசினார். அதில் எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரைக்கும் ஆறவில்லை. அவர் சொன்னது நிஜம் என்பதால் ஆறவில்லை.

அங்கிருந்து நேராக அபிராமபுரத்துக்கு நடந்தேன். அந்த வீட்டு மணியை அடித்தேன். பெண்ணின் அப்பாதான் கதவைத் திறந்தார். கையில் விடைத்தாள் கட்டு.

"வாங்கோ. வண்டி சரியாயிடுத்தா?"

நான் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்று, அது திடீரென்று ஆகவில்லை, அஞ்சு வாரமாக எனக்குச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, தெரிந்தேதான் ஓட்டினேன் என்று சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மெக்கானிக்கிட்ட காமிக்கலையா?" என்றார்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அந்த ஆளை முழுக்க அங்கே இறக்கி வைத்துவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் மாவுக்கட்டு, கழுத்திலிருந்து ஒரு வெள்ளைத் துணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கும் கேட்டுதுப்பா. நான் மாமாகிட்ட சொன்னேன், பின்னாடி என்னமோ இடிக்கறது மாமான்னு. ஒண்ணும் இல்ல, பேசாம உக்காருன்னுட்டார்."

புகார் சொல்லுகிற குரல் இல்லை அது. நடந்ததை நடந்தபடி சொன்னாள். எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவள் சொன்னதும் வந்துவிட்டது: கிரீன்வேஸ் ரோடு, கண்ணாடியில் அவள் முகம், அவள் உள்ளங்கையைச் சீட்டின் மேல் வைத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது, திரும்பாமலே நான் சொன்னது. ஒரு தடவை மட்டும் இல்லை. இரண்டு தடவை கேட்டாள், இரண்டு தடவையும் சொன்னேன். அவ்வளவு உறுதியாக நான் அதற்கு முன்னால் யாரிடமும் பேசியதில்லை.

அவள் அப்பா இன்னும் பதிலுக்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரியைப் பற்றி ஒரு வார்த்தைகூட என்னால் சொல்ல முடியவில்லை.